ஊதாவும் நீலமுமாய் ஒரு கல்: ராமேஸ்வரத்தில் வாங்கியது டான்சனைட்டா?

பிப்ரவரி 11, வேதாளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

அண்ணே, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனபோது ஒரு கல் வாங்கினேன். பெரிய நெல்லிக்காய் அளவு, ஏறக்குறைய சதுரம், ஆறு பக்கமும் பாலிஷ். நீலம் என்றும் சொல்ல முடியவில்லை, ஊதா என்றும் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டாயிரம் சொன்னார், நாலாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடித்தேன். டான்சனைட்டாம். தனுஷ்கோடிக் கடலில் கிடைத்ததாம். மோதிரத்துக்கு இல்லை, ஷோகேஸில் வைக்கத்தான். அசல்தானா?

பிப்ரவரி 11, இரவு 10 மணி

டான்சனைட் உலகத்தில் ஒரே இடத்தில்தான் கிடைக்கிறது. தான்சானியாவில் அரூஷா பக்கம் மெரெலானி குன்றுகள். 1967இல் வெளியே தெரிய வந்தது. அதைத் தேடிப் பதிவு செய்தவர்களில் ஒருவர் கோவாவில் பிறந்த தையற்காரர். நியூயார்க்கின் டிஃபனி கடை 1968இல் அந்த நாட்டின் பெயரையே கல்லுக்கு வைத்து விற்க ஆரம்பித்தது.

ஆக, டான்சனைட் என்றால் தனுஷ்கோடி இல்லை. தனுஷ்கோடி என்றால் டான்சனைட் இல்லை. இரண்டும் பொய்யாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தக் கடலில் மணல் கிடைக்கும், சிப்பி கிடைக்கும், 64 புயலில் விழுந்த சுவர்களின் பவளக்கல் கிடைக்கும். இந்த மாதிரிக் கல் பூமிக்கு அடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்த பாறையில் உண்டாவது. நம் கரையில் அப்படிப் பாறை ஏது?

படத்தை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். எடை போட்டுச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 12, காலை

எப்படி எடை போடுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என் பிழைப்பே தராசு ரிப்பேர்தான். கீழக்கரையில் இருந்துகொண்டு மீன் ஏலக் கொட்டகை முதல் நகைக்கடை வரை போகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கல்லை உலர்வாக எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, ‘டேர்’ பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். கல்லைக் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். முழுதாக மூழ்க வேண்டும், அடியையும் ஓரத்தையும் தொடக் கூடாது. கயிற்றின் மறுமுனை உங்கள் கையிலோ ஒரு கம்பியிலோ இருக்கட்டும். இப்போது தராசு காட்டுவது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி.

தையல் நூல் வேண்டாம், தண்ணீரை உறிஞ்சும். தங்கூசி நரம்பில், அதாவது மீன்பிடிக்கிற நைலான் நரம்பில், கட்டுங்கள். வேதாளையில் அதற்கா பஞ்சம்?

நீலக்கல், அதாவது சபையர், 4.0 வரும். டான்சனைட் 3.35. செவ்வந்திக்கல், அதாவது அமெதிஸ்ட், 2.65. ஐயோலைட் என்று இன்னொரு ஊதாநீலக் கல் உண்டு, அது 2.6ஐ ஒட்டி. சாதாரணக் கண்ணாடி 2.5 பக்கம்.

பிப்ரவரி 12, மதியம்

சொல்ல மறந்தது. மின்விசிறியை நிறுத்துங்கள். சன்னலையும். கடல்காற்று அடித்தால் இரண்டாவது தசமம் நிற்கவே நிற்காது. கல்லில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை விரலால் தேய்த்து விடுங்கள்.

இன்னொன்று. 200 கிராம் தாங்கும் சின்னத் தராசில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு ‘எர்ரர் காட்டுது’ என்று என்னிடம் கொண்டு வராதீர்கள். வாரத்துக்கு ஒருவர் வருகிறார்.

பிப்ரவரி 14

வேதாளைத் தம்பியின் கணக்கு வந்துவிட்டது. உலர்வாக 62.4 கிராம். தண்ணீரில் 24.5. வகுத்தால் 2.55.

கண்ணாடி. வருத்தம்தான், ஆனால் நாலாயிரத்து ஐந்நூறோடு போயிற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதே பருமனில் டான்சனைட் என்றால் எண்பது கிராம் இருக்க வேண்டும், சபையர் என்றால் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். எங்கள் ஊர்க்காரர் சீதக்காதி செத்தும் கொடுத்தார். கல் விற்றவர் உயிரோடு இருந்து எடுத்திருக்கிறார்.

பிப்ரவரி 14, ஒரு மணி நேரம் கழித்து

படுத்தவன் எழுந்து வந்து எழுதுகிறேன். 2.55 உறுத்துகிறது. கண்ணாடிக்குக் கொஞ்சம் அதிகம், ஐயோலைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. தம்பி, எந்தத் தண்ணீரில் போட்டீர்கள்?

பிப்ரவரி 15

பதிலை அப்படியே தருகிறேன்: “கடல் தண்ணியில போட்டேண்ணே. கேன் தண்ணிய இதுக்குக் கொட்ட அம்மா விடல.”

குடத்துக்குக் காசு கொடுக்கிற நம் மாவட்டத்தில் அம்மா சொன்னது நியாயம். ஆனால் கடல் தண்ணீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் கனம். அதே கல், ஒதுக்கியதும் அதே அளவுதான், தராசு மட்டும் கூடுதலாகக் காட்டும். கூடுதலால் வகுத்தால் அடர்த்தி குறையும். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மீன்காரர்களின் தராசு உப்பேறிப் பழுதாவதை நாள் முழுக்கப் பார்க்கிறவன், உப்பை மறந்தேன்.

கண்ணாடி என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அரை டம்ளர் நல்ல தண்ணீர் போதும். முடிந்ததும் அம்மா செடிக்கு ஊற்றட்டும்.

பிப்ரவரி 16

நல்ல தண்ணீரில் 24.0. அடர்த்தி 2.60.

டான்சனைட் இல்லை என்பது முடிந்தது. அந்த விலைக்கு 312 காரட் டான்சனைட்டை யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று முதல் நாளே ஒருவர் எழுதியிருந்தார். அது தராசே வேண்டாத வாதம், ஆனாலும் சரியான வாதம்.

2.60 என்றால் ஐயோலைட்டா, செவ்வந்திக்கல்லா, கனமான கண்ணாடியா? தராசு இதற்கு மேல் பேசாது. கண்தான் வேண்டும். கல்லை வெயிலில் இல்லாமல் வெளிச்சமான வானத்துக்கு எதிரே பிடித்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி ஊடுருவிப் பாருங்கள். நிறம் மாறுகிறதா?

பிப்ரவரி 17

“ஒரு பக்கம் கத்தரிப்பூ, ஒரு பக்கம் வெளிறின நீலம், இன்னொரு பக்கம் பார்த்தா டீத்தூள் கழுவின தண்ணி மாதிரி இருக்குண்ணே. கல்லு கெட்டுப்போச்சா?”

கெடவில்லை தம்பி. அந்தக் கல்லின் சிறப்பே அதுதான். ஐயோலைட். பாறையியல்காரர்கள் கார்டியரைட் என்பார்கள், கோர்டியே என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவாக. படிகத்துக்குள் ஒளி எந்தத் திசையில் போகிறதோ அதைப் பொறுத்து எந்த நிறம் உறிஞ்சப்படுகிறது என்பது மாறும். கண்ணாடிக்கு உள்ளே திசையே கிடையாது, எப்படித் திருப்பினாலும் ஒரே நிறம்தான். செவ்வந்திக்கல்லில் மாற்றம் உண்டு, ஆனால் உற்றுப் பார்க்க வேண்டும். ஐயோலைட்டில் ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

மோதிரக்கல்லாக அறுக்கிறவர்கள் கத்தரிப்பூ நிறம் மேலே வருகிற மாதிரிதான் பட்டை தீட்டுவார்கள். திசை தப்பினால் கல் செத்துப்போன மாதிரி வெளிறித் தெரியும். உங்களுடையதைச் சதுரமாக வெட்டி எல்லாப் பக்கமும் மெருகிட்டவர் விவரம் தெரிந்தவர். எந்த நிறத்தையும் ஒளிக்காமல் விட்டிருக்கிறார். விற்றவருக்குத்தான் அது தெரியவில்லை. மூன்று நிறத்தையும் திருப்பிக் காட்டியிருந்தால் பொய் சொல்லாமலே விற்றிருக்கலாம்.

பிப்ரவரி 17, பின்னிரவு

ஒரு திருத்தம். மேலே எழுதியதைப் படித்தால் ‘டீத்தண்ணி நிறம் தெரிந்தால் ஐயோலைட்’ என்று தோன்றும். அது தப்பு. டான்சனைட்டுக்கும் திசைக்கு ஒரு நிறம் உண்டு. மண்ணிலிருந்து எடுத்தபடியே இருந்தால் அதிலும் பழுப்பு தெரியும். கடைக்கு வருவதெல்லாம் ஏறக்குறைய 500, 600 டிகிரியில் சூடேற்றியவை. அந்தச் சூட்டில்தான் பழுப்பு போய் நீலமும் ஊதாவும் எழும்புகின்றன. ஆகவே எடை, நிறம் இரண்டும் சேர்ந்தால்தான் தீர்ப்பு. ஒன்றை மட்டும் வைத்து நான் கண்ணாடி என்று சொன்ன லட்சணத்தைப் பார்த்தீர்களே.

பிப்ரவரி 19

கூலிங் கிளாஸை வைத்து நிறமாற்றத்தைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். நல்ல வழி. போலராய்டு கண்ணாடியைக் கல்லுக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றினால், கல்லை அசைக்காமலே நிறம் மாறும். ஆனால் அக்னி தீர்த்தத்துக்குப் போகிற வழியில் நூற்றைம்பது ரூபாய்க்கு விற்கிற கண்ணாடியில் ‘போலராய்டு’ ஸ்டிக்கர்தான் அசல். சோதிக்க வேண்டுமானால் பாம்பன் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். அசலாக இருந்தால் தண்ணீரின் பளபளப்பு அடங்கி அடியில் இருக்கும் பாறை தெரியும். தலையைச் சாய்த்தால் பளபளப்பு திரும்ப வரும்.

பழைய லேப்டாப் திரையை வெள்ளையாக்கி அதற்கு முன் கல்லைத் திருப்பினாலும் இதே வித்தை நடக்கும். போன் திரையில் எல்லாருக்கும் வராது. வரவில்லை என்று கல்லைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

பிப்ரவரி 20

கப்பல் கதை. வானத்து வெளிச்சத்திலும் இதே போலராய்டு குணம், அதாவது ஒளி ஒரு திசையிலேயே அதிகம் அதிரும் குணம், உண்டு. 1967இல் ராம்ஸ்கூ என்ற டென்மார்க் தொல்லியலாளர், வைக்கிங் என்ற பழைய வடகடலோடிகள் மேகமூட்டத்தில் சூரியன் இருக்கும் திசையைக் கண்டுபிடிக்கக் கார்டியரைட் மாதிரிக் கல்லை வைத்திருந்திருக்கலாம் என்று எழுதினார். வேறு சிலர் அது கால்சைட் என்ற வேறொரு கல் என்கிறார்கள். டான்சனைட் வெளிவந்த அதே வருஷம் அதன் ஏழைத் தம்பிக்கும் ஒரு பேர் கிடைத்திருக்கிறது, பாருங்கள்.

மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கும் மச்சானிடம் இதைச் சொன்னேன். “ஜிபிஎஸ் பேட்டரி போனா உன் கல்லைக் கொண்டு வா” என்றான்.

பிப்ரவரி 22

பெயர் விஷயம். நம் பக்கத்து வியாபாரத்தில் இது நீலி. வடக்கே காக்கா நீலி என்றும் சொல்கிறார்கள். கீழக்கரையில் காக்கா என்றால் அண்ணன். எங்கள் வீட்டில் இதைச் சொன்னதும் என் மூத்த காக்கா, “அப்ப அது என் கல்லுதான், எடு” என்றார்.

வெளிநாட்டுப் பட்டியல்களில் டைக்ரோயிட் என்று இருக்கும், இருநிறத்தான் என்று பொருள். இலங்கைக் கல்லுக்கு ‘வாட்டர் சபையர்’ என்று ஒரு பழைய பெயரும் உண்டு. பாலில் தண்ணீர் கலந்த மாதிரி சபையரில் தண்ணீர். இந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு எரிச்சல். தனக்கென்று ஒரு குணம் இருக்கிற கல்லை ஏன் இன்னொன்றின் நகல் மாதிரி அழைக்க வேண்டும்?

தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குப் போகிறவர்கள் சனிக்கு நீலத்துக்குப் பதில் நீலி போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதைச் சோதிடரிடம் கேளுங்கள். நான் சொல்வது ஒன்றுதான், நீலிக்கு நீலத்தின் விலையைக் கொடுக்காதீர்கள்.

பிப்ரவரி 23

‘அப்படியானால் கல் எங்கிருந்துதான் வந்தது?’ இந்தக் கல்லைப் பற்றி எனக்கு உறுதி இல்லை. தமிழ்நாட்டிலேயே கரூர், காங்கேயம் பக்கம் ஐயோலைட் எடுக்கிறார்கள். இலங்கையிலும் மடகாஸ்கரிலும் உண்டு. காங்கேயம் பக்கம் நூற்றாண்டுகளாகக் கல்லுக்குப் பேர் போனது. கொடுமணலில் ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே பச்சைக்கல்லும் செவ்வந்திக்கல்லும் மணியாக அறுத்திருக்கிறார்கள். நம் கரையில் வைகை கடலில் சேரும் அழகன்குளத்திலும் கல்மணிகள் கிடைத்தன, ரோமானியக் காசுகளோடு. கல் விளைவது மேற்கே, கப்பலேறுவது நம் கரையில். விற்றவர் கதையில் மட்டும் கடலே கல்லைப் பெற்றுப் போட்டிருக்கிறது.

கடல் என்றதும் ஒரு எச்சரிக்கை. கல் சேர்க்கிறேன் என்று யாரும் பவளப்பாறைத் துண்டைப் பொறுக்கி ஷோகேஸில் வைக்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் வரும். யாராவது விற்றாலும் வாங்காதீர்கள்.

பிப்ரவரி 26

விலை. 62 கிராம் ஐயோலைட்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறு அதிகமா? தம்பி அனுப்பிய இரண்டாவது படத்தில் ஒரு மூலையில் பால் மாதிரி மங்கலும் இரண்டு விரிசலும் தெரிகின்றன. நானாக இருந்தால் இரண்டாயிரத்துக்கு மேல் போயிருக்க மாட்டேன். ஆனால் நான் கஞ்சன், அதையும் சொல்லிவிடுகிறேன். கூடக் கொடுத்த அட்டையில் ‘இயற்கைக் கல்’ என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. ஜல்லிக்கும் அந்த அட்டை பொருந்தும்.

திருப்பிக் கொடுக்கப் போகிறாரா என்று கேட்டேன். “தினமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேண்ணே, கொடுக்க மனசில்ல” என்கிறார். சரி, அப்புறம் விலை பேசி என்ன.

மார்ச் 1

பராமரிப்பு. இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீர், பருத்தித் துணி, அவ்வளவுதான். நகைக்கடையில் அதிரும் தொட்டியில் போட விடாதீர்கள், விரிசல் உள்ள கல் பிளந்துகொள்ளும். கடினம் ஏழு, ஏழரை. கடற்கரை மணலும் ஏழுதான். ஆகவே தூசியோடு அழுத்தித் துடைத்தால் மெருகு போய்விடும். முதலில் ஊதிவிட்டுத் துடையுங்கள்.

இரும்பு ஸ்டாண்டு வாங்காதீர்கள். என்னிடம் ஒன்று இருந்தது. ஆறு மாதத்தில் துருப்பிடித்து வெல்வெட்டெல்லாம் காவி. மரக்கட்டையில் குழி தோண்டி வைத்திருக்கிறேன் இப்போது.

போகிற போக்கில் ஒன்று. செயற்கையாகச் செய்த கார்டியரைட் கார்ப் புகைக்குழாயில் இருக்கிறது. புகையைச் சுத்தப்படுத்தும் தேன்கூடு மாதிரியான பீங்கான் பெரும்பாலும் அதுதான். சூடேறினாலும் அதிகம் விரியாது, அதனால் வெடிக்காது. அதில் நிறம் ஒன்றும் கிடையாது, உடைத்துப் பார்த்துவிடாதீர்கள்.

மார்ச் 4

‘ஊர்க் கல்லையெல்லாம் எடை போடுகிறீர்களே, உங்கள் வீட்டில் ஒன்றும் இல்லையா?’

இருக்கிறது. வாப்பா கொழும்பில் கல் பட்டை தீட்டும் இடத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். ஊருக்குத் திரும்பும்போது ஒரு கல் கொண்டு வந்தார், அவரே சாணையில் மெருகிட்டது. சபையர். உம்மாவின் பீரோவில் வெள்ளைத் துணியில் முடிந்து இருக்கிறது. சின்ன வயதில் பெருநாளைக்கு மட்டும் பார்க்கக் கிடைக்கும். அதை எடை போடுவதாக இல்லை.

மார்ச் 5

கிண்டல் போதும். ‘தராசுக்காரருக்குத் தராசைக் கண்டால் பயம்’ என்று எழுதியவருக்கு: ஆமாம்.

மார்ச் 9, இரவு

நோன்புக்கு முன்னால் பீரோவை ஒழுங்குபடுத்த உம்மா கூப்பிட்டார்கள். முடிச்சு கையில் வந்தது. பையில் தராசும் இருந்தது. என்ன செய்ய.

18.3 கிராம். தண்ணீரில் 7.0. மின்விசிறியை நிறுத்தி மூன்று தடவை போட்டேன், கேன் தண்ணீரில்தான். 2.61.

டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துத் திருப்பினேன். கத்தரிப்பூ. இன்னும் கால் திருப்பு. டீத்தண்ணி.

முப்பது வருஷமாக எங்கள் வீட்டுச் சபையர்! உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர்களே கேட்டார்கள், என்னடா முழிக்கிறே என்று. சொன்னேன். சபையர் இல்லை உம்மா, வேற கல்லு.

“யாரு சபையர்னா? வாட்டர் சபையர்னுதானே வாப்பா சொன்னாங்க. நீங்க மூணு பேரும் சின்னப் புள்ளையில வாட்டரை விட்டுட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிய.”

மார்ச் 10

பிப்ரவரி 22ஆம் தேதி அந்தப் பெயரைப் பற்றி எழுதியதில் எரிச்சல் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

வேதாளைத் தம்பி மரக்கட்டைக்கு அளவு கேட்டிருக்கிறார். கல்லின் அகலத்தைவிட ஒரு நூல் கூட வைத்துக் குழி எடுங்கள். இறுக்கமாக வைத்தால் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடியாது.